ஒயர்மேன் லைசென்ஸ் வந்த கதை

போன பதிவுல கவலை ஓட்டின காலத்தைப் பத்தி எழுதியிருந்தேன். படிச்சவங்கள்ல ரெண்டு மூணு பேரு, "அப்புறம் கரண்டு எப்ப வந்துச்சு, அதையும் எழுதுங்க"ன்னு கேட்டிருந்தாங்க. கரண்டு வந்த கதையை நிறையப் பேரு எழுதியாச்சு. அணை கட்டினது, டவர் நட்டது, மந்திரி வந்து சுவிட்சு போட்டது எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. ஆனா அந்தக் கதையெல்லாம் கம்பத்தோட நின்னு போகுது. கம்பத்துல இருந்து நம்ம மோட்டாருக்கும், சாளையில எரியற பல்புக்கும் கரண்டைக் கொண்டு வந்து சேர்த்தவன் ஒருத்தன் இருக்கான் இல்லைங்களா, அவனைப் பத்தி யாரும் பேசறதில்லை. அவன்தான் ஒயர்மேன். அவன் கையில ஒரு லைசென்ஸ் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. அந்த லைசென்ஸ் எப்படி வந்துச்சு, நம்ம ஊருப் பக்கம் அதுக்கு என்ன கதி ஆச்சுங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். ஈபி ஆபீஸ்லயும் ஒயர்மேன்னு ஒரு உத்தியோகம் உண்டு. கம்பம் ஏறி லைன் பார்க்கறவரு அவரு. நம்ம சனங்க அவரை லைன்மேன்னே கூப்பிட்டுப் பழகிட்டாங்க. அவரு வாரியத்து ஆளு, மீட்டர் வரைக்கும் அவரோட எல்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்குள்ள, மோட்டார் ரூமுக்குள்ள வேலை செய்யறவன் வேற. நான் சொல்ல வர்றது இந்த ரெண்டாவது ஆளைப் பத்தி.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்த சங்கதி ஒண்ணு. நம்ம நாட்டுல கரண்டுக்கு முன்னாடியே கரண்டுக்கான சட்டம் வந்துருச்சு. 1887லயே வெள்ளைக்காரன் ஒரு மின்சாரச் சட்டம் போட்டான். மின்சாரத்தால ஆளுக்கும் சொத்துக்கும் ஆபத்து வராம பாதுகாக்கறதுக்குன்னே போட்ட சட்டம் அது. டார்ஜிலிங்குல நீர்மின்சாரம் எடுத்தது 1897ல. கல்கத்தா பட்டணத்துக்குக் கம்பெனி கரண்டு கொடுத்தது 1899ல. சென்னையில டிராம் வண்டி கரண்டுல ஓடினதே 1895லதான். பயம் முதல்ல வந்து, வெளிச்சம் பின்னாடி வந்துருக்கு. லண்டன்ல 1882லயே என்ஜினியருங்க சங்கம் ஒண்ணு கூடி, மின்விளக்கால வீடு தீப்பிடிக்காம இருக்க என்னென்ன செய்யணும்னு விதிகள் எழுதி வச்சுருந்தாங்க. அந்தப் பயம்தான் கப்பலேறி இங்கயும் வந்துருக்கும்னு நினைக்கறேன்.

பின்னாடி 1903ல ஒரு சட்டம், 1910ல ஒரு சட்டம். இந்த 1910 சட்டம்தான் 2003 வரைக்கும் நின்னு ஆடினது. கரண்டால ஒரு ஆளு செத்தா தகவல் கொடுக்கணும், மின் ஆய்வாளர் வந்து விசாரிக்கணும்னு அதுல எழுதியிருந்தது. சட்டம் எலும்புக்கூடுன்னா சதை அதோட விதிகள். சுதந்திரத்துக்கு அப்புறம் 1956ல போட்ட இந்திய மின்சார விதிகளைத்தான் நம்ம காலத்து ஒயர்மேனுங்க வேதம் மாதிரி சொல்லுவாங்க. அதுல 45ஆம் விதி. என் சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனா "ரூல் 45"னு மட்டும் அவரு சொல்லறப்போ கோர்ட்டுல வக்கீல் சொல்லற மாதிரி இருக்கும்.

அந்த விதி சொல்றதை நம்ம பேச்சுல சொன்னா இவ்வளவுதான்: மின்சாரம் வாங்கறவரோட இடத்துல புதுசா ஒயரிங் பண்ணறதோ, கூட்டறதோ, மாத்தறதோ, ரிப்பேர் பண்ணறதோ எதுவா இருந்தாலும், மாநில அரசு கிட்ட லைசென்ஸ் வாங்கின கான்ட்ராக்டர்தான் செய்யணும். தகுதிச் சான்று உள்ள ஒருத்தர் கூடவே நின்னு மேற்பார்வை பார்க்கணும். கம்பியில கை வைக்கறவனுக்கும் அனுமதிச் சீட்டு இருக்கணும். அப்படிச் செய்யாத வேலைக்கு கரண்டு கொடுக்கக் கூடாது. மூணு ஆளு, மூணு காகிதம்.

எல்லாத்துக்கும் அப்படின்னா உலகம் நின்னு போயிருமே? அதனால ஒரு விலக்கும் அதுலயே இருக்கு. பல்பு மாத்தறது, ஃபேன் மாத்தறது, பீஸ் போடறது, சுவிட்சு மாத்தறது, இந்த மாதிரி லோடு ஏறாத, தன்மை மாறாத சில்லறை வேலைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆக, பீஸ் கட்டையில கம்பி சுத்தறதுக்கு நீங்களும் நானும் போதும். புதுசா ஒரு பிளக் பாயிண்டு இழுக்கறதுக்குப் போதாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. காயில் கட்டறவரு, அதாங்க மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரு, தன் கடையில உக்காந்து மோட்டாரைப் பிரிச்சுக் கட்டறாரு, அந்த வேலை இந்த விதிக்குள்ள வராது. அதே மோட்டாரைக் கொண்டு வந்து நம்ம கெணத்துல லைன் கொடுக்கறவனுக்குத்தான் லைசென்ஸ்.

சரி, இது சட்டப் புஸ்தகம். நம்ம மண்ணுக்கு வருவோம்.

கோயமுத்தூர் சீமைக்கு கரண்டு வந்தது பைக்காராவால. நீலகிரி மலையில பைக்காரா ஆத்துத் தண்ணியை மூவாயிரம் அடிக்கு மேல கீழ இறக்கி, சிங்காராவுல வச்சு கரண்டு எடுத்தாங்க. 1932ல அது ஓட ஆரம்பிச்சது. சென்னை அரசாங்கத்துல மின்சாரத்துக்குன்னு தனி டிபார்ட்மென்ட் வந்தே அப்ப அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. பைக்காரா கரண்டு கோயமுத்தூர் வந்ததும் பஞ்சாலைங்க வரிசையா முளைச்சது. மேட்டூர் அணை 1934ல முடிஞ்சு அங்கேயும் 1937ல கரண்டு எடுத்தாங்க. அதே 1937லதான் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோயமுத்தூர்லயே மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல செஞ்ச முதல் மோட்டார்னு அதைச் சொல்லுவாங்க. மலையில கரண்டு, ஊருல மோட்டார், தோட்டத்துல கெணறு. மூணும் ஒண்ணு சேர்ந்தது எங்க பக்கம்தான்.

ஆனா அப்ப கிராமத்துக்குள்ள வந்துறலை. மில்லுக்காரருக்கும் மிட்டாதாரருக்கும் வந்தது. சாதாரண சம்சாரிக்கு வந்தது காமராசர் காலத்துல. 1957 ஜூலையில சென்னை மாநில மின்சார வாரியம் அமைஞ்சது. கனடா நாட்டு உதவியோட குந்தா திட்டம் 1960 வாக்குல ஓட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் கம்பம் நடாத ஊரு குறைஞ்சுட்டே வந்தது. எங்க ஊருக்கு 1962ல வந்ததுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. முதல்ல வந்தது தெரு விளக்குக்கு இல்லை, எங்க மேக்காலத் தோட்டத்துக்காரர் கெணத்துக்கு. எங்க அப்பாருக்கு 5 குதிரைத்திறன் மோட்டார் கிடைக்க அதுக்கு மேல நாலு வருஷம் ஆச்சு. அது வரைக்கும் விடியக்காலம் மாடு பூட்டி சால் இறைச்சவரு, மோட்டாரைப் போட்டு வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னைக்கு மாட்டுக் கட்டுத்தரையில போய் உக்காந்துட்டாராம். "இனி இதுகளுக்கு என்ன வேலை"ன்னு கேட்டாராம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அஞ்சாறு வருஷத்துக்குள்ள ஒரு தாலூக்காவுல ஆயிரக்கணக்கான கெணத்துக்கு கரண்டு வருது. ஒவ்வொரு கெணத்துக்கும் மெயின் சுவிட்சு வைக்கணும், ஸ்டார்டர் வைக்கணும், எர்த் அடிக்கணும். லைசென்ஸ் இருந்த கான்ட்ராக்டருங்க கோயமுத்தூர்லயும் ஈரோட்டுலயும் சேலத்துலயும் கடை வச்சுருந்தவங்க. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அவங்களால வர முடியுமா? அவங்க கிட்ட கைவேலைக்குப் போன பசங்க வந்தாங்க. அப்படி வந்தவருதான் எங்க சித்தப்பா.

எட்டாவதோட படிப்பை விட்டுட்டு 1968ல ஒரு கடையில எடுபிடியா சேர்ந்தாரு. முதல் வருஷம் டீ வாங்கறதும், சுவத்துல துளை போட்டு மரக்கட்டை அடிக்கறதும்தான் வேலை. இப்ப மாதிரி சுவத்துக்குள்ள பைப்பு புதைக்கற ஒயரிங் கிராமத்துல கிடையாது. தேக்கு மரப்பட்டையைச் சுவத்துல ஆணி அடிச்சு, அது மேல ஒயரைப் படுக்க வச்சு, தகரக் கிளிப்பால கவ்வணும். அதுக்குப் பேரு பேட்டன் ஒயரிங். அதுக்கும் முந்தின வீடுகள்ல மரக் கேசிங்கும் பீங்கான் கிளீட்டும் இருந்தது. ஒயர் ரப்பர் சுத்தினது, மேல நூல் பின்னியிருக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு அந்த ரப்பர் இருபது வருஷத்துல பொரிஞ்ச அப்பளம் மாதிரி ஆயிரும். விரல் பட்டா உதிரும். பிவிசி ஒயர் பரவினதுக்கப்புறம்தான் அந்தத் தொல்லை ஓய்ஞ்சது.

கிளிப் எல்லாம் ஒரே இடைவெளியில, ஒரே நேர்கோட்டுல இருக்கணும். கோணலா அடிச்சா மேஸ்திரி பிடுங்கிப் போட்டுட்டு மறுபடி அடிக்கச் சொல்லுவாராம். சித்தப்பா ஒயரிங் பண்ணின ஒரு வீடு எங்க ஊர்ல இன்னும் இருக்கு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்.

அஞ்சாறு வருஷம் வேலை கத்துக்கிட்டதுக்கப்புறம் மேஸ்திரியே அவரைத் தகுதித் தேர்வுக்குப் போகச் சொன்னாரு. அதுல என்ன கேட்டாங்கன்னு அவரு சொன்னதை வச்சுச் சொல்றேன். ஒரு பலகையில மாடிப்படி விளக்குக்கு ஒயரிங் பண்ணச் சொன்னாங்க. அதாவது கீழ ஒரு சுவிட்சு, மேல ஒரு சுவிட்சு, எதுல போட்டாலும் எரியணும், எதுல அணைச்சாலும் அணையணும். அப்புறம் ஒயரை முறுக்கி ஜாயிண்டு போட்டுக் காட்டணும். மெக்கர் வச்சுச் சோதிச்சுக் காட்டணும். வாய்க்கேள்வியில, "மோட்டாருக்கு ஏன் ரெண்டு எர்த்?"னு கேட்டாங்களாம். "ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு காப்பாத்தும்"னாரு. அவ்வளவுதான் பதில்.

இந்த ரெண்டு எர்த் சமாச்சாரம் அதே 1956 விதிகள்ல 61ஆம் விதியில இருக்கு. நிலையா வச்சிருக்கற மோட்டாரோட உடம்பை ரெண்டு தனித்தனி இணைப்பால பூமியோட சேர்க்கணும். எட்டடி ஆழத்துக்கு இரும்புக் குழாய் இறக்கி, சுத்தியும் கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, கோடையில அதுக்குத் தண்ணி ஊத்தணும். நம்ம ஆளுங்க மாமரத்துக்கு ஊத்துவாங்க, எர்த் குழிக்கு ஊத்த மாட்டாங்க.

மெக்கர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: டெலிபோன் மாதிரி ஒரு பொட்டி, பக்கத்துல ஒரு கைப்பிடி. அதைச் சுத்தினா உள்ள இருக்கற சின்ன டைனமோ 500 வோல்ட் கொடுக்கும். அந்த அழுத்தத்துல ஒயரோட தோல் கசியுதான்னு முள்ளு காட்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழ போச்சுன்னா அந்த ஒயரிங்குக்கு கரண்டு கொடுக்கக் கூடாது. கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேணும்னா மெக்கரும், எர்த் டெஸ்டரும் சொந்தமா வச்சிருக்கணும், சான்று உள்ள ஆளுங்களை வேலைக்கு வச்சிருக்கணும். வெறும் ஸ்குரூ டிரைவரும் டெஸ்டரும் வச்சுட்டு கான்ட்ராக்டர் ஆக முடியாது.

சித்தப்பாவுக்குச் சான்று வந்தப்போ, அதைச் சட்டைப் பையில வைக்காம ஒரு தோல் பையில போட்டு இடுப்புல செருகியிருப்பாரு. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கேக்காமலே எடுத்துக் காட்டுவாரு. பெரிய பண்ணாடிங்க அவரை "வாங்க ஒயர்மேன்"னு கூப்பிட்டு கட்டில்ல உக்காரச் சொன்னாங்க. எட்டாவது படிச்ச ஒரு சின்ன சம்சாரி வீட்டுப் பையனுக்கு 1970கள்ல அது சாதாரணமில்லைங்க.

இங்க கொஞ்சம் அரசியலும் சொல்லணும், இல்லைன்னா அடுத்தது புரியாது. 1970ல கரண்டு கட்டணத்தை ஏத்தினதுக்கு கோயமுத்தூர் சீமை விவசாயிங்க நாராயணசாமி நாயுடு தலைமையில போராடினாங்க. பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூட்டுல மூணு பேரு செத்தாங்க. பைசாக் கணக்குக்காகவா உயிரை விட்டாங்கன்னு இப்ப இருக்கற பசங்க கேக்கறாங்க. கவலையை விட்டு மாட்டையும் வித்துட்டவனுக்கு, கரண்டு பில்லு கட்ட முடியலைன்னா திரும்பிப் போக வழி இல்லைங்க. அதுதான் காரணம். அந்தப் போராட்டம் பல வருஷம் நடந்து, 1984ல எம்.ஜி.ஆர் சின்ன விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தாரு. 1990ல கலைஞர் எல்லா விவசாயிகளுக்கும் கொடுத்தாரு.

இலவசம் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அதுலதான் பிழைக்கறேன். ஆனா ஒண்ணு நடந்தது. மீட்டர் போச்சு. மீட்டரோட சேர்ந்து, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மோட்டார் ரூமுக்கு வந்து எட்டிப் பார்த்துட்டு, "என்ன இப்படிக் கம்பி தொங்குது"ன்னு கேட்டுட்டுப் போற ஒரு ஆளும் போயிட்டாரு. வாரியத்துல இருந்து கேள்வி இல்லை. நம்ம பக்கம் தண்ணி கீழ போகப் போக, திட்டுல வச்சிருந்த மோட்டார் போய் ஜெட் மோட்டார் வந்தது, கம்ப்ரசர் வந்தது, ஆயிரம் அடி போர்ல சப்மெர்சிபிள் வந்தது. ஒவ்வொரு தடவை மோட்டார் மாத்தறப்பவும் லைன் மாத்தணும். அதை யாரு செஞ்சாங்க? அவசரத்துக்கு யாரு கிடைச்சாங்களோ அவங்க.

அப்படித்தான் காகிதம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் பிரிஞ்சு போச்சு. புது சர்வீசுக்கு கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டு வேணும். லைசென்ஸ் உள்ள ஒருத்தரு டவுன்ல உக்காந்துட்டு கையெழுத்துக்கு மட்டும் ஒரு தொகை வாங்கிட்டுப் போட்டுக் கொடுப்பாரு. தோட்டத்தை அவரு பார்த்திருக்கவே மாட்டாரு. வேலை செஞ்ச பையனுக்குச் சான்று கிடையாது. கூடவே நின்னு மேற்பார்வை பார்க்கணும்னு விதி சொல்லுதே, அந்த நிக்கற ஆளு எங்க? பேப்பர்ல நிக்கறாரு.

1994ல எங்களுக்கு ரெண்டு தோட்டம் தள்ளி இது ஒரு உயிரைக் குடிச்சது. பண்ணையத்துல இருந்த ஆளு, முப்பத்தி மூணு வயசு, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. காலையில மோட்டார் போடப் போனவரு, ஸ்டார்டர் பொட்டியில கை வச்சதும் அப்படியே ஒட்டிக்கிட்டாரு. ராத்திரி மழையில தரையெல்லாம் ஈரம், கால்ல செருப்பு இல்லை. உள்ள ஒரு ஒயர் தோல் உரிஞ்சு பொட்டித் தகரத்தைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. எர்த் சரியா இருந்திருந்தா பீஸ் எரிஞ்சு போயிருக்கும், ஆளு பிழைச்சிருப்பாரு. எர்த் ஒயரை எவனோ வேற காரியத்துக்குப் பயன்படுத்தியிருந்தான். லைட்டுக்கு நியூட்ரல் வராத நேரத்துல எர்த்துல கொடுத்து பல்பு எரிக்கறதுன்னு ஒரு பழக்கம் இருக்கு பாருங்க, அது. ரெண்டாவது எர்த் அடிக்கவே இல்லை.

மின் ஆய்வாளர் விசாரணைக்கு வந்தாரு. அவரு கேட்ட முதல் கேள்வி, "இந்த வேலையை யாரு செஞ்சது?" காகிதத்துல ஒரு கான்ட்ராக்டர் பேரு இருக்கு. அந்த மனுஷனைத் தோட்டத்துக்காரருக்கே அடையாளம் தெரியலை. செஞ்ச பையனைக் கூப்பிடலாம்னா, அவன் பேரு எந்தக் காகிதத்துலயும் இல்லை. அவனும் அன்னைக்கே ஊரை விட்டுப் போயிட்டான். கடைசியில கேள்வியெல்லாம் தோட்டத்துக்காரர் தலையில வந்து விடிஞ்சது. அந்தப் பொம்பளை ரெண்டு குழந்தைகளை இழுத்துட்டு ஒவ்வொரு ஆபீஸா அலைஞ்சதை நான் பார்த்திருக்கேன். நஷ்ட ஈடுன்னு கேட்டா, "யாரோட தவறுன்னு நிரூபணம் ஆகணும்"னாங்க. ஆறு வருஷம். அப்புறம் கேக்கறதையே விட்டுருச்சு, மில்லு வேலைக்குப் போயிருச்சு.

சித்தப்பா அந்த மோட்டார் ரூமைப் போய்ப் பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. லைசென்ஸ்ங்கறது கவர்மென்ட்டுக்காகக் கட்டற தண்டம்னு அது வரைக்கும் நானும் நினைச்சுட்டு இருந்தேன். "இவன்தான் செஞ்சான்"னு காட்ட ஒரு பேரு வேணும்ங்கறதுக்காகத்தான் அது இருக்குன்னு அன்னைக்குப் புரிஞ்சது. பேரு போடறவன் ஒரு சுத்து அதிகமா முடுக்குவான். சித்தப்பா வேலையை முடிச்சுட்டு மறுபடி ஒருக்கா எல்லா ஸ்குரூவையும் தொட்டுப் பார்க்கறது அதனாலதான்.

அதுக்காக சான்று இல்லாம வேலை செய்யற பசங்களைத் திட்டறதுல எனக்கு உடன்பாடில்லை. அவங்க இல்லைன்னா இந்தச் சீமையில பாதி மோட்டார் ஓடியிருக்காது. லைசென்ஸ் போர்டு இருக்கறது சென்னை கிண்டியில. கிராமத்துல இருந்து அது எவ்வளவு தூரம்னு பஸ் டிக்கெட் சொல்லாது. ஐடிஐ திட்டம் 1950லயே வந்துருச்சு. எலக்ட்ரீசியன், ஒயர்மேன் ரெண்டும் ரெண்டு வருஷப் படிப்பு. அங்க படிச்சு வர்ற பசங்க நிறையப் பேரு ஈபி வேலைக்கோ, கம்பெனிக்கோ, துபாய்க்கோ போயிடறாங்க. தோட்டத்துல சேத்துல இறங்கற வேலைக்கு மிஞ்சறவன் பள்ளிக்கூடம் பாதியில விட்டவன்தான்.

அவனுக்கும் ஒரு கதவு திறந்தேதான் இருக்கு. நிறையப் பேருக்குத் தெரியாததால இதைக் கொஞ்சம் விளக்கமா எழுதறேன். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. வேலைவாய்ப்பு பயிற்சித் துறை அரசு ஐடிஐகள்ல வச்சு நடத்துது. அவ்வப்போது பேப்பர்ல மாவட்டக் கலெக்டர் செய்திக்குறிப்பா வரும். நான் பார்த்த அறிவிப்புகள்ல, 21 வயசு முடிஞ்சிருக்கணும், ஒயரிங் தொழில்ல அஞ்சு வருஷத்துக்குக் குறையாம செய்முறை அனுபவம் இருக்கணும்னு போட்டிருந்தது. குறைஞ்சபட்சப் படிப்புன்னு எதுவும் கேக்கலை. மேல் வயசு வரம்பும் இல்லை. பத்தாவது பெயிலானவனும், அம்பது வயசுக்காரரும் எழுதலாம். அந்த அனுபவத்துக்கு லைசென்ஸ் உள்ளவங்க கிட்ட வேலை செஞ்சதுக்கான சான்று வாங்கணும், பலருக்கு முட்டுக்கட்டை அங்கதான். வருஷக்கணக்கா வேலை வாங்கினவரு, "எழுதிக் கொடுங்கண்ணா"ன்னு கேட்டா, நாளைக்குப் போட்டிக்கு வந்துருவானோன்னு இழுத்தடிக்கறாரு.

எங்க ஊர்ல ஒரு தம்பி பதினெட்டு வருஷமா ஒயரிங் பார்க்கறாரு. மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த ஃபேஸ் இல்லைன்னு சொல்லுவாரு. "தேர்வு எழுதுங்க"ன்னா, "அங்க போய் ஓம்ஸ் விதியெல்லாம் கேப்பாங்கண்ணா, எனக்கு வராது"ன்னு சிரிப்பாரு. ஓம்ஸ் விதி அவரு கையில இருக்கு, வாயிலதான் இல்லை. ரெண்டு ஃபேஸ் மட்டும் வர்ற நேரத்துல கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டற வித்தையை அவரு வீடு வீடா மாட்டிக் கொடுத்தவரு. அது வாரியம் அனுமதிக்காத வேலைன்னு தெரியும், மோட்டார் சூடாகும்னும் தெரியும். பயிரு காயறப்போ சம்சாரி கேட்டா அவரால மாட்டேன்னு சொல்ல முடியறதில்லை. சான்று இருந்தா, "என் பேரு போயிரும்ங்க"ன்னு சொல்ல ஒரு சாக்காவது இருக்கும்.

2003ல புது மின்சாரச் சட்டம் வந்து 1910 சட்டம் ஓய்வுக்குப் போச்சு. விதிகளுக்குப் பதிலா மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010ல வந்தது. அதையும் மாத்தி 2023ல புதுசா போட்டிருக்காங்க. நம்பர் மாறியிருக்கு, 45ஆம் விதியோட சாரம் மாறலை. இன்னைக்கும் லைசென்ஸ் கான்ட்ராக்டர், மேற்பார்வையாளர், அனுமதி பெற்ற ஒயர்மேன், அதே மூணு ஆளுதான்.

இடையில 2021 செப்டம்பர்ல ஒரு லட்சம் புது விவசாய இணைப்புன்னு தமிழ்நாட்டு அரசு அறிவிச்சது. அடுத்த வருஷம் இன்னும் அம்பதாயிரம். பதினஞ்சு இருபது வருஷம் காத்திருந்தவங்களுக்கெல்லாம் ஒரே நேரத்துல தயார்நிலை நோட்டீஸ் வந்தது. மாநிலத்துல விவசாய மோட்டார் 20 லட்சத்தைத் தாண்டியாச்சு. எங்க சித்தப்பா காலத்துல நடந்த அதே அவசரம் மறுபடியும். அந்தச் சமயத்துல டவுனுப் பக்கம் கையெழுத்து ரேட்டு ஏறினதுன்னு கேள்விப்பட்டேன்.

இதைப் படிக்கறவங்க யாராவது புது சர்வீஸ் வாங்கப் போறதா இருந்தா, டெஸ்ட் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடறவரை ஒருக்கா தோட்டத்துக்கு வரச் சொல்லுங்க. வண்டிப் பெட்ரோலுக்குக் காசு கொடுத்தாவது வரச் சொல்லுங்க. அவரு சான்றுல நம்பரும் புதுப்பிச்ச தேதியும் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்க, அதுல மரியாதைக் குறைவு ஒண்ணுமில்லை. ரெண்டு எர்த் குழியையும் உங்க கண்ணு முன்னாடி தோண்டச் சொல்லுங்க. மெக்கர் சுத்திக் காட்டச் சொல்லுங்க.

சித்தப்பாவுக்கு இப்ப எழுபது தாண்டிருச்சு. கண்ணு மங்கல். போன மாசம் பக்கத்து ஊர்ல சோலார் மோட்டார் போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டு என்னை வண்டியில கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. பலகையைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. இது டிசி கரண்டு, வெயில் அடிக்கற வரைக்கும் சுவிட்சை அணைச்சாலும் பலகையில இருந்து வர்ற கம்பியில கரண்டு இருந்துட்டேதான் இருக்கும்னு மாட்ட வந்த பையன் சொன்னான். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அந்தப் பையனைக் கேட்டாரு, "எர்த் எங்க தம்பி அடிச்சிருக்கீங்க?" பையன் கூட்டிட்டுப் போய்க் காட்டினான். ரெண்டு குழி இருந்தது. சோலார் சங்கதியை அடுத்த பதிவுல எழுதறேனுங்க.